வியாழக்கிழமைத் தீர்ப்புகள்

தல்லாகுளம், மதுரை
16-6-1985

சிரஞ்சீவி சீதாராமனுக்கு அக்கா ஜானு ஆசீர்வாதம். இங்கே நாங்கள் மூன்று பேரும் சௌக்கியம். உனக்கு இருமல் விட்டதா, மிளகு ரசம் வைத்துக்கொள்கிறாயா, இல்லை ரொட்டியைத் தின்றே காலத்தைத் தள்ளுகிறாயா என்று விவரமாக எழுது.

நம் வீட்டுக்கு டி.வி. வந்துவிட்டது. மதராஸ் நிகழ்ச்சி இங்கே எடுக்காது, சிலோன்தான் எடுக்கும். அதற்கே மொட்டை மாடியில் நாற்பதடிக் குழாய் நட்டு ஆன்டெனா கட்டியிருக்கிறோம். காற்றடித்தால் உன் அத்திம்பேர் மேலே ஏறித் திருப்ப, ஸ்யாமளா ஜன்னலில் நின்று "தெரியறதுப்பா, தெரியறது, ஐயோ போயிடுத்து" என்று கத்த, தெருவுக்கே வேடிக்கை. சிலோன்காரன் நம்மவர்களைப் படுத்துகிற பாட்டுக்கு அவன் டி.வி.யைப் பார்க்கலாமா என்று எதிர்வீட்டு ஹாலாஸ்யம் மாமா ஒரு வாரம் வராமலிருந்தார். தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர், கொள்கைக்காரர். இரண்டாம் வாரம் முதல் ஆளாக வந்து முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் ஒரு இங்கிலீஷ் தொடருக்காக. 'இன்ஸ்பெக்டர் வார்ட்லோ' என்று பெயர், வியாழக்கிழமை எட்டு மணிக்கு. உங்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எடுத்ததாம். கொலை நடக்கும். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறுவார், டீ குடிப்பார், யோசிப்பார். மூட்டுவலி இன்ஸ்பெக்டர் என்று நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். அவர்கள் பேசும் இங்கிலீஷ் ஸ்யாமளாவுக்கே பாதி புரியவில்லை, கீழே ஓடும் எழுத்தோ சிங்களம். உன் அத்திம்பேர்தான் கோர்ட்டில் முப்பது வருஷமாக ஸ்டெனோ ஆயிற்றே. ஸ்டூலைப் போட்டு டி.வி. பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறார்.

அபிப்பிராயம் ஆளுக்கு ஒன்று. "ஒரு அறை கூட விடமாட்டேங்கறானே, இவனெல்லாம் போலீஸா?" என்பார் ஹாலாஸ்யம் மாமா. அவர் ஆத்து தர்மாம்பாள் மாமிக்குக் கொலையைப் பற்றிக் கவலையே இல்லை. "சாப்டுட்டு ஒருத்தியும் கையலம்பலையே" என்பாள். ஸ்யாமளா கொட்டாவி விடுவாள். எனக்கு உயிர்.

பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். அங்கே சித்தாள் வேலைக்கு வந்து சிமென்ட் கொட்டகையில் தங்கியிருக்கிற தங்கப்பொண்ணு, திருவாதவூர்க்காரி, ஜன்னலுக்கு வெளியே செங்கல் அடுக்கில் உட்கார்ந்து கேட்கிறாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. நானும் அழுத்திச் சொல்லவில்லை என்பதை உன்னிடம் மறைப்பானேன். அவள் மட்டும் அபிப்பிராயமே சொல்வதில்லை.

கோர்ட்டில் சாட்சி சொன்னதை இங்கிலீஷில் அடித்து, தமிழில் படித்துக் காட்டி, 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்று கடைசியில் ஒரு வரி போட்டுக் கையெழுத்து வாங்குவார்களாம். ஹாலாஸ்யம் மாமா அதைப் பிடித்துக்கொண்டு, கதை முடிந்ததும் "என்ன ஓய், படிச்சுக் காட்டியாச்சா?" என்று கேட்பார். நாங்கள் எல்லோரும் "சரி" என்போம். உன் அத்திம்பேர் மட்டும் சிரிப்பதில்லை.

போன வாரம் ரயில்வே கேட்கீப்பர் கதை. வீண்பழி அவன் மேல். கடைசியில் ஜெயில் கதவு திறந்து, மூட்டையோடு வெளியே வந்தான் பார், நான் அழுதேவிட்டேன். நீ பார்த்திருக்கிறாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜானு

*

லீட்ஸ்
4-7-1985

அன்புள்ள அக்காவுக்கு சீதாராமன் அநேக நமஸ்காரம். இருமல் போயே போயிற்று. ரசம் வைத்தால் வீடே தும்முகிறது, அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

வார்ட்லோவைத் தெரியாதா! நான் மாடியில் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் டாட்டர்ஸால் அவருடைய பரம பக்தை. அவள் புருஷன் கான்ஸ்டபிளாக இருந்து இறந்தவர். இருவரும் ஒரு கதை விடாமல் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டிருக்கிறார்கள். "நிஜப் போலீஸ்காரனுக்கு யோசிக்க நேரம் ஏது?" என்பாராம் அவர். என்னோடு டிராயிங் ஆபீஸில் வேலை பார்க்கும் வின்ஸ்டன் ஜமைக்காக்காரன். அவனுக்கு அந்தத் தொடர் பெயரைச் சொன்னாலே எரிச்சல். "என்னைத் தெருவில் நிறுத்துகிற போலீஸ் ஒருவனும் இப்படி மரியாதையாகக் கேட்டதில்லை" என்கிறான்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. கேட்கீப்பர் கதையை அந்த அம்மாளிடம் சொன்னேன். அவன் விடுதலை ஆகவில்லையாம். ஆயுள் தண்டனையாம். அவன் நிரபராதி என்று வார்ட்லோவுக்குப் பிறகுதான் தெரிகிறது, அதற்குள் காரியம் மிஞ்சிவிடுகிறது. மூட்டையோடு அவன் ஜெயிலுக்கு உள்ளேதான் போகிறான் என்கிறாள். நீ சரியாகப் பார்த்தாயா? அத்திம்பேருக்கு நமஸ்காரம், ஸ்யாமளாவுக்கு ஆசி.

சீதாராமன்

*

தல்லாகுளம்
21-7-1985

சிரஞ்சீவி சீதாராமனுக்கு ஆசீர்வாதம். அனைவரும் நலம். வெயில்தான் இன்னும் ஆடி பிறந்தது தெரியாமல் காய்கிறது.

கதவு திறந்தது, மூட்டையோடு நடந்தான். உள்ளே போகிறானா வெளியே வருகிறானா என்று எனக்கு எப்படித் தெரியும்? இவர் "வெளியே வரான்" என்றார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அந்தக் கிழவி மறந்திருப்பா" என்று சொல்லிவிட்டு மோர் சாதத்தைப் பாதியில் வைத்து எழுந்துவிட்டார். ஒரு கதைக்கு இவ்வளவு கோபமா என்று எனக்கு ஆச்சரியம். நீ இனி ஒவ்வொரு கதைக்கும் முடிவைக் கேட்டு எழுது. பேக்கரிக்காரி கதை, ஊமை வேலைக்காரன் கதை, கால்வாய்ப் படகுக் கதை, இந்த மூன்றும் இங்கே வந்தாயிற்று. மூன்றிலும் பழி சுமந்தவர்கள் தப்பித்தார்கள்.

தங்கப்பொண்ணு வாயைத் திறந்துவிட்டாள். மறுநாள் தண்ணீர் பிடிக்க வந்தவள், "ஏம்மா, அந்தக் கேட்டுக்காரரு பொஞ்சாதி அம்புட்டு நாளும் எங்க இருந்தா? அவளக் காட்டவே இல்லையே" என்று கேட்டாள். எனக்கு அது தோன்றவே இல்லை பார். உங்கள் ஊர் ஆட்களுக்காவது தோன்றியதா, கேட்டுச் சொல்.

பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவள் புருஷன் சங்கிலி இங்கே ஜெயிலில் இருக்கிறானாம். கண்மாய்த் தண்ணீர்த் தகராறில் மடைக் காவல்காரனை அடித்துக் கொன்றதாக ஆயுள் தண்டனை. "அவரு செய்யலைம்மா. செஞ்சிருந்தா நான் எதுக்கு ஊர விட்டு வந்து இங்க மண்ணு சுமக்கேன்? மாசம் ஒருதரம் மொகத்தப் பாக்கத்தான்" என்றாள். கேட்கீப்பர் கதை பிடித்ததா என்று கேட்டேன். "அய்யா சொல்றப்ப நல்லா இருந்துச்சு" என்றாள்.

சாயங்காலம் இதை இவரிடம் சொன்னேன். அன்று ராத்திரியும் சாப்பிடவில்லை.

ஜானு

*

லீட்ஸ்
10-8-1985

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரங்கள். நான் சௌக்கியம். இங்கே கோடைக்காலம் என்று பெயர், ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்.

மிஸஸ் டாட்டர்ஸாலை உட்கார வைத்து விசாரித்துவிட்டேன். பேக்கரிக்காரி தூக்க மாத்திரை தின்று செத்துப்போகிறாள். ஊமை வேலைக்காரன் பத்து வருஷம் உள்ளே போகிறான். படகுக்காரன் கதையில் மட்டும் அத்திம்பேர் சொன்னது சரி, அவன் நிஜமாகவே தப்பிக்கிறான். மற்றதெல்லாம் அத்திம்பேர் தீர்ப்பு!

வின்ஸ்டனிடம் சொன்னேன், விழுந்து விழுந்து சிரித்தான். "உன் அத்திம்பேர் வசனம் எழுதியிருந்தால் நானும் அந்தத் தொடரைப் பார்த்திருப்பேன்" என்றான். கேட்கீப்பர் மனைவியைப் பற்றிக் கேட்டதற்கு வீட்டுக்கார அம்மாள், "தெரியவில்லை, நாங்கள் அதைக் கேட்டதே இல்லை" என்றாள்.

சிரிப்பு ஒருபுறம் இருக்கட்டும். நமக்கு அத்திம்பேரைத் தெரியும். காற்புள்ளி மாறினால்கூடக் காகிதத்தைக் கிழித்துப்போட்டு மறுபடி அடிப்பவர். அவர் ஏன் இப்படிச் சொல்கிறார்? உடம்பு சரியாக இருக்கிறதா? ஸ்யாமளாவின் ஜாதகம் என்ன ஆயிற்று?

சீதாராமன்

*

தல்லாகுளம்
2-9-1985

சிரஞ்சீவி சீதாராமனுக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சௌக்கியம். ஸ்யாமளாவுக்கு வரன் குதிர்ந்துவிட்டது. பையன் திருச்சியில் பாங்கில் இருக்கிறான். அவன் அப்பா வக்கீல். தை மாதம் கல்யாணம். நீ கட்டாயம் வரவேண்டும். நார்த்தங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். டி.வி. ரிப்பேர்.

ஜானு

*

லீட்ஸ்
20-9-1985

அன்புள்ள அக்கா,

நமஸ்காரம். கல்யாணச் செய்தி கேட்டு மிகவும் சந்தோஷம். லீவு சொல்லிவிட்டேன், வருகிறேன்.

ஏரோகிராமின் மடிப்பில்கூட எழுதி நிரப்புகிறவள் நீ. இந்தத் தடவை முக்கால் பக்கம் வெள்ளையாக வந்திருக்கிறது. டி.வி. ரிப்பேர் என்றால் ரிப்பேர்தான். ஆனால் நான் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அத்திம்பேருக்கு என்ன? நீ சொல்லாவிட்டால் நான் அவருக்கே எழுதிக் கேட்பேன்.

சீதாராமன்

*

தல்லாகுளம்
9-10-1985

சீதாராமா,

அவருக்கு எழுதாதே. நானே சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு.

கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை எடுக்க ட்ரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் பழைய வேஷ்டிக்குள் சுற்றி ஒரு சுருக்கெழுத்து நோட்டு இருந்தது. கோர்ட்டு நோட்டு வீட்டில் எதற்கு என்று கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, யாரோ சொல்லச் சொல்ல எழுதுகிறவர் மாதிரி நிறுத்தாமல் சொன்னார்.

இரண்டரை வருஷத்துக்கு முன் அவர் இருந்த கோர்ட்டில்தான் சங்கிலியின் கேஸ் நடந்தது. ஆம், நம் தங்கப்பொண்ணுவின் சங்கிலி. அவன் தரப்புச் சாட்சி ராமக்காள் என்று ஒரு அம்மாள், மேலூர்ச் சந்தையில் டீக்கடை வைத்திருந்தவள். கொலை நடந்த சாயங்காலம் சங்கிலி தன் கடைக்கு எதிரே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான், இருட்டிய பிறகு கடைசி பஸ்ஸுக்குத்தான் போனான் என்று கூண்டில் ஏறித் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். ஜட்ஜ் இங்கிலீஷில் சொல்ல, இவர் சுருக்கெழுத்தில் எடுத்திருக்கிறார். பிறகு டைப் அடிக்கும்போது நோட்டில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு சேர்ந்து புரண்டுவிட்டது. அந்த ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. அவள் சங்கிலியைத் தெரியும் என்பதும், டீக்கடை வைத்திருக்கிறாள் என்பதும்தான் மிச்சம்.

அதற்குத்தானே படித்துக் காட்டுவது? ஆனால் அன்றைக்கு ஏழு சாட்சி. நேரமாகிவிட்டது. 'படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொண்டார்' என்ற வரியை எல்லோரையும் போல இவரும் பழக்கத்தில் அடித்துவிட்டு, படிக்காமலே பெருவிரலைப் பிடித்து மை ஒற்றி வாங்கிவிட்டார். படித்திருந்தால் அந்த அம்மாள் அங்கேயே கத்தியிருப்பாள்.

கேட்ட ஜட்ஜ் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவர் காகிதத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதினார். "அந்த அம்மாள் சொன்னாளே" என்று வக்கீல் கத்தியிருக்கிறார். "ரெகார்டில் இல்லையே, படித்துக் காட்டிக் கைநாட்டும் வைத்திருக்கிறாளே" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் இவர் நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து வேஷ்டிக்குள் சுற்றிவிட்டார். ராமக்காளும் போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனி அவள் சொன்னதற்கு அந்த நோட்டு ஒன்றுதான் சாட்சி.

மதராஸில் அப்பீல் நவம்பர் கடைசியில் வருகிறதாம். இவர் வெளியே சொன்னால் உடனே சஸ்பென்ஷன். மார்ச்சில் ரிடையராக வேண்டியவர். சம்பந்தி வக்கீல், கல்யாணம் நிற்குமா சொல். இந்த மனுஷர் ஜன்னலுக்கு வெளியே அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே, வாராவாரம் யார் யாரையோ விடுதலை பண்ணியிருக்கிறார்.

சீதாராமா, நான் அந்த நோட்டை வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டேன். இவரிடமும் சொல்லிவிட்டேன். "சரி" என்றார், அவ்வளவுதான். நான் ஒரு பெண்ணைப் பெற்றவள். செய்தது சரிதான் என்று நீயாவது எழுது. எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஜானு

*

லீட்ஸ்
28-10-1985

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எரித்தது நல்லதுதான். வருத்தப்படாதே. இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு தாள் புரண்டது. அத்திம்பேர் வேண்டுமென்றா செய்தார்? அந்தப் பாவிக்கு விதி. அப்பீலில் வேறு ஏதாவது வழியில் தப்பித்தாலும் தப்பிப்பான். ஸ்யாமளாவின் வாழ்க்கைதான் இப்போது முக்கியம்.

வார்ட்லோ கதை ஒன்று என்று பொய் சொல்லி இதை மிஸஸ் டாட்டர்ஸாலிடம் சொல்லிப் பார்த்தேன். "இப்படி ஒரு கதை வரவே இல்லையே" என்றாள். "கொலைகாரனைத் தேடத்தான் நாங்கள் உட்காருவோம். டைப் அடிக்கிறவனை யார் தேடுவார்கள்?" வின்ஸ்டனிடமும் கேட்டேன். அவன் அபிப்பிராயம் ஒன்றும் சொல்லவில்லை. "உள்ளே இருக்கிறவனுக்கு எத்தனை நாள் ஆயிற்று?" என்று மட்டும் கேட்டான். எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண்பிள்ளையை ஜன்னல் பக்கம் வரவிடாதே. நீ நிம்மதியாகத் தூங்கு.

சீதாராமன்

*

தல்லாகுளம்
16-11-1985

சிரஞ்சீவி சீதாராமனுக்கு அக்கா ஆசீர்வாதம். உன் கடிதம் தீபாவளிக்கு மறுநாள் வந்தது.

உனக்கு ஒரு பொய் எழுதியிருந்தேன். நோட்டை நான் எரிக்கவில்லை. அடுப்பு வரை கொண்டுபோனேன், கை வரவில்லை. அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்துவிட்டு, எரித்தாயிற்று என்று இவரிடமும் சொன்னேன், உனக்கும் எழுதினேன். யாராவது சரி என்று சொல்லிவிட்டால் பிறகு நிஜமாகவே எரித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ 'எரித்தது நல்லதுதான்' என்று எழுதியதைப் படித்தேனோ இல்லையோ, இனி அதை எரிக்க என்னால் ஆகாது என்று தெரிந்துபோயிற்று. உன்மேல் கோபம் இல்லை. நான் கேட்டதைத்தானே நீ எழுதினாய். அரிசி அளக்கும் போதெல்லாம் அது கையில் இடிக்கிறது, சீதாராமா. ஒரு மாதமாக அந்தச் சோற்றைத்தான் மூவரும் தின்றோம்.

முந்தாநாள் வியாழக்கிழமை. டி.வி. ரிப்பேர் என்று எத்தனை வாரம் சொல்வது? எல்லோரும் வந்துவிட்டார்கள். தங்கப்பொண்ணுவும் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். தோட்டக்காரன் ஒருவன் கதை. கடைசிக் கட்டம். இவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். ஆனால் இவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இவன் செய்யலை. ஆனாலும் தண்டனை குடுத்துட்டா" என்றார்.

"என்ன ஓய், இன்னிக்குக் கதை கசக்கறது?" என்றார் ஹாலாஸ்யம் மாமா.

"முன்னாடி சொன்னதுலேயும் பாதி நானா மாத்திச் சொன்னது. கேட்கீப்பர் வெளியே வரலை. உள்ளே போனான்."

மாமாவுக்கு வந்ததே கோபம். "அஞ்சு மாசமா எங்களை ஏமாத்தினீரா?" என்று எழுந்துவிட்டார். மாமியோ, "நன்னாத்தானே இருந்தது, அப்படியே விட்டிருக்கப்படாதோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். அன்றைக்கு யாரும் "சரி" சொல்லவில்லை.

இவர் வாசலுக்குப் போய்த் தங்கப்பொண்ணுவின் எதிரே நின்றார். முப்பது வருஷம் அடுத்தவர் பேச்சை எழுதின மனுஷருக்குத் தன் பேச்சு ஒரு வரி வரவில்லை. அவள்தான் பேசினாள்.

"எனக்குத் தெரியும்யா. மொத வாரமே தெரியும். கோர்ட்டுல டைப்பு மிசினுக்கு முன்னால இப்படித்தான் கண்ணாடியத் தொடச்சிக்கிட்டு உக்காந்திருந்தீக. ராமக்கா சொன்னத வாசப்படியில நின்னு நானும் கேட்டேன். காயிதத்துல மட்டும் எப்படி இல்லாமப் போச்சுன்னுதான் தெரியல. காதுல கேட்டத அப்படியே சொல்ற ஆளா நீங்கன்னு பாக்கத்தான் வாரா வாரம் வந்து உக்காந்தேன்."

"நான்தான் விட்டுட்டேன்" என்றார் இவர்.

"டி.வி.யில இருக்க அம்புட்டுப் பேரையும் வெளிய விட்டீக. எங்காள மட்டும் உள்ள விட்டுட்டீகளேய்யா."

இவர் தலையில் கையை வைத்துக்கொண்டு அந்தச் செங்கல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "இருந்த ஒரு நோட்டும் எரிஞ்சு போச்சும்மா" என்றார். நான் உள்ளே போனேன். நோட்டை எடுத்து வந்து, அரிசியைத் தட்டிவிட்டு இவர் மடியில் வைத்தேன். என்னை ஒரு பார்வை பார்த்தார். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

அவளிடம் வக்கீல் விலாசம் வாங்கிக்கொண்டு நேற்றுச் சாயங்காலம் மதராஸுக்கு ரயில் ஏறிவிட்டார். ஸ்யாமளாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோம். கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று தூங்கினேன்.

ஜானு

*

லீட்ஸ்
5-12-1985

அக்கா,

நமஸ்காரம். என்ன எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் ஓட்டிவிட்டேன். வின்ஸ்டன் கேட்ட கேள்விக்கு உன் கடிதத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் நாளுக்கு அருகில் வந்தது. அதற்குமேல் போடவில்லை.

'எரித்தது நல்லதுதான்' என்று நான் எழுதிய அந்தக் கடிதத்தைத் தயவுசெய்து கிழித்துப்போட்டுவிடு. கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் தை மாதம் நான் வருகிறேன்.

சீதாராமன்

*

தல்லாகுளம்
20-2-1986

சிரஞ்சீவி சீதாராமனுக்கு அக்கா ஆசீர்வாதம். நீ வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனது பெரிய பலம். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? ஸ்வெட்டரை இங்கேயே மறந்துவிட்டாயே, குளிரில் என்ன செய்கிறாய்?

நீ கிளம்பிய ஐந்தாம் நாள் சங்கிலி ஜாமீனில் வந்துவிட்டான். நோட்டையும் இவருடைய வாக்குமூலத்தையும் வைத்துக்கொண்டு கேஸை மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். முழு விடுதலை இல்லை, இன்னும் நடக்க வேண்டும். ஜெயில் வாசலில் அவனைப் பார்த்ததும் தங்கப்பொண்ணு தேம்பித் தேம்பி அழுதாள்.

இவருக்கு சஸ்பென்ஷன் நீள்கிறது. பென்ஷன் எந்த மட்டுக்கு வரும் என்பது தெரியாது. திருச்சிக்காரர்களிடமிருந்து பிறகு ஒரு வரி இல்லை. ஸ்யாமளா டைப்ரைட்டிங் சேர்ந்திருக்கிறாள். நேற்று அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "படிச்சுக் காட்டறது எப்படின்னு சொல்லுங்கோ" என்று கேட்டாள். இவர் சொன்னார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அது. தெருவில் அபிப்பிராயம் ஆளுக்கு ஒன்றாகத்தான் இருக்கிறது. ஹாலாஸ்யம் மாமா இவரை உத்தமர் என்கிறார், மாமி பைத்தியம் என்கிறாள். வியாழக்கிழமை யாரும் வருவதில்லை.

இன்று சங்கிலியும் தங்கப்பொண்ணும் ஊருக்குப் போகுமுன் வந்தார்கள். உள்ளே வந்து உட்காருங்கள் என்று இந்தத் தடவை கையைப் பிடித்து இழுத்தேன். ஆள் எலும்பும் தோலுமாக இருக்கிறான். காப்பியைக் குடித்துவிட்டு, "ராமக்கா இருந்து பாத்திருக்கணும்" என்றான். இவரை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

நீ உன் கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். கிழிக்கமாட்டேன். என்னுடைய பொய்க் கடிதத்தையும் நீ கிழிக்காமல் இருந்தால் வைத்துக்கொள். இருக்கட்டும், நாம் எழுதினதுதானே.

தங்கப்பொண்ணுவைப் பற்றி எழுதியிருப்பதால் இந்தக் கடிதத்தை இதுவரை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஜெயில் வாசல் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நான் அழுதேன்னு போட்டிருக்கீகளேம்மா. நான் அழுகலையே. வெரசா வாங்க, பஸ்ஸு போயிரும்னுதான் சொன்னேன்."

நான் அங்கே போகவே இல்லை, சீதாராமா. அழுதிருப்பாள் என்று நானாக எழுதிவிட்டேன். மேலே அந்த வரியைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன், பார்த்துக்கொள். அவள் சொன்னபடி திருத்திப் படித்தேன். கேட்டுவிட்டுச் சரி என்றாள். கீழே இருப்பது அவளுடைய பெருவிரல்.

ஜானு